விளையாட்டுக் கணினிக்கு உயர்தரப் பிராசசர்: விலைக்கு முன் எண்ண வேண்டியவை

ஒன்றரை இலட்சம் ரூபாய். கல்லூரியில் படிக்கும் மகனோ, பணியில் சேர்ந்து ஓராண்டு ஆன மகளோ விளையாட்டுக் கணினிக்கென எழுதித் தரும் பட்டியலின் அடிவரியில், இன்று இத்தொகையையோ இதற்கு மேற்பட்ட தொகையையோ காண்பது அரிதன்று. நடுத்தரக் குடும்பத்தில் இது ஓர் இருசக்கர வாகனத்தின் விலை. வாகனம் வாங்குமுன் நால்வரிடம் விசாரிக்கிறோம், ஓட்டிப் பார்க்கிறோம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம். கணினி என்று வரும்போதோ, பெயரும் எண்ணும் புரியாத காரணத்தால், விலை மிகுந்ததே சிறந்தது என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். பட்டியலின் முதல் வரியில் நிற்கும் பிராசசரின் விஷயத்தில் இது மிகுதியாக நிகழ்கிறது.

கணினி விளையாட்டை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் காலமும் இதுவன்று. சீனாவின் ஹாங்சோ நகரில் 2023-ஆம் ஆண்டு நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆகவே, வாங்கலாமா கூடாதா என்ற விவாதத்தை அந்தந்தக் குடும்பத்திற்கே விட்டுவிடுவோம். வாங்குவது என்று முடிவான பின், செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் உரிய பயனைத் தருவது எவ்வாறு என்பதையே இங்கு ஆராய்வோம்.

பிராசசரின் பணி யாது?

திரையில் ஓடும் விளையாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக விரையும் அசையாப் படங்களின் தொகுப்பே. ஒவ்வொரு படத்தையும் 'ஃபிரேம்' என்பர். ஒரு ஃபிரேம் உருவாக இருவர் உழைக்கின்றனர். எதிராளி எங்கே நிற்கிறார், எறிந்த பந்து எங்கு விழும், விசையை அழுத்தியதன் விளைவு என்ன என்பனவற்றைக் கணக்கிடுபவர் பிராசசர். அக்கணக்கைப் பெற்றுக்கொண்டு வண்ணமும் ஒளியும் நிழலுமாகத் தீட்டுபவர் கிராபிக்ஸ் கார்டு. இருவரில் எவர் மெதுவானவரோ, அவருடைய வேகமே கணினியின் வேகம்.

நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமெனில், ஒன்றை முடிக்கக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. 144 ஃபிரேம் எனில் 6.9 மில்லிநொடி, 240 எனில் 4.2 மில்லிநொடி மட்டுமே. நொடிக்கு 60 ஃபிரேம் போதுமென்பவருக்குச் சாதாரணப் பிராசசரே அந்நேரத்திற்குள் கணக்கை முடித்துத் தந்துவிடும். 240 ஃபிரேம் கேட்பவருக்கே உயர்தரப் பிராசசரின் அருமை தெரியும்.

முதலில் திரையைப் பாருங்கள்

எனவே, பிராசசரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கேள்வி பிராசசரைப் பற்றியதன்று. மேசைமேல் இருக்கும் மானிட்டரைப் பற்றியது. 1920 × 1080 என்னும் முழு எச்டி திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் 36.9 இலட்சம், 3840 × 2160 என்னும் 4கே திரையில் 82.9 இலட்சம். திரையின் புள்ளிகள் நான்கு மடங்கானால் தீட்டுபவரின் வேலை பெருமளவு கூடுகிறது. கணக்கிடுபவரின் வேலையோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

இதன் பொருள் தெளிவு. 4கே திரையில் கதைசார்ந்த விளையாட்டுகளை முழு அழகுடன் ஆட விரும்புபவருக்குக் கிராபிக்ஸ் கார்டே எல்லை வகுக்கும். அங்கு விலைமிகுந்த பிராசசர் பெரும்பாலும் காத்திருந்தே பொழுதைக் கழிக்கும். முழு எச்டி திரையில், நொடிக்கு 240 முறையோ அதற்கு மேலோ புதுப்பிக்கும் மானிட்டரில், போட்டி விளையாட்டுகளை ஆடுபவருக்கு நிலைமை நேர்மாறு. நகர் அமைக்கும் விளையாட்டுகள், போர்வியூக விளையாட்டுகள், விமானம் ஓட்டும் பாவனை விளையாட்டுகள் ஆகியனவும் பிராசசரையே மிகுதியாக வருத்துபவை.

வீட்டில் பழைய கணினி இருப்பின், இதைச் செலவின்றிச் சோதித்தறியலாம். வழக்கமாக ஆடும் விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குச் சென்று ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்கு உயர்ந்தால், தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. சற்றும் உயரவில்லையெனில், பிராசசரையே முதலில் ஐயுற வேண்டும். இந்த ஐந்து நிமிடச் சோதனை பல ஆயிரம் ரூபாயைக் காக்க வல்லது.

கோர் எண்ணிக்கையா, கேச் நினைவகமா?

விளம்பரங்கள் முதலில் சொல்வது கோர்களின் எண்ணிக்கையை. 8 கோரைவிட 16 கோர் இரு மடங்கு சிறந்தது என்று எண்ணத் தோன்றும். வீடியோ தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு போன்ற பணிகளில் இது பெரிதும் உண்மை. விளையாட்டில் அப்படியன்று. ஒரு ஃபிரேமின் கணக்குகளில் பல, ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்கக்கூடியவை. நான்கு பேர் சமைக்கும் அடுக்களையில் பதினாறு பேரை நிறுத்தினாலும், சோறு வேகும் நேரம் குறையாது.

விளையாட்டில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கியது கேச் நினைவகம். பிராசசருக்கு அடிக்கடி தேவைப்படும் தரவுகளை அதன் உள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறு கிடங்கு அது. கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்தால் உடனே எடுத்துவிடலாம்; இல்லையெனில் கடைக்குச் சென்று வரவேண்டும். பிராசசர் தன் கேச் நினைவகத்தில் இல்லாத தரவைத் தேடி ரேமுக்குச் செல்வதும் அத்தகையதே.

ஏஎம்டி நிறுவனம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரில், இந்தக் கிடங்கை மேலும் ஓர் அடுக்காக ஏற்றி 96 மெகாபைட் ஆக்கியது. 2024 நவம்பரில் வெளிவந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி அதே அளவு கேச் நினைவகத்தை, கோர்களுக்கு மேலே அன்றிக் கீழே அமைத்தது. அதனால் கோர்களின் வெப்பம் கூலரை எளிதில் அடைகிறது. அதே குடும்பத்தின் ரைசன் 7 9700எக்ஸிலும் 8 கோர்களே. ஆனால், மூன்றாம் நிலைக் கேச் நினைவகம் 32 மெகாபைட் மட்டுமே. விளையாட்டில் இவ்விரண்டும் வேறுபடுவதற்குத் தலையாய காரணம் இதுவே.

இனி விலையை நோக்குவோம். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 9700எக்ஸுக்கு 359 டாலர். 9800எக்ஸ்3டிக்கு 479 டாலர். 2025 மார்ச்சில் வந்த 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டிக்கு 699 டாலர். இந்தப் 16 கோர்கள் எட்டெட்டாக இரு சில்லுகளில் உள்ளன. கூடுதல் கேச் நினைவகம் அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே. ஆகவே விளையாட்டுக்கென மட்டும் வாங்குபவர், மேலும் 220 டாலர் கொடுத்துப் பெறும் பயன் மிகச் சிறிது. வீடியோ தொகுப்பையே தொழிலாகக் கொண்டவருக்கு அது நியாயமான செலவாகலாம்.

இன்டெல் நிறுவனத்தின் கோர் அல்ட்ரா 9 285கே 2024 அக்டோபரில் வெளிவந்தது. 24 கோர்களைக் கொண்ட இது பல்வகைப் பணிகளில் வலிமையானது. எனினும் விளையாட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், கூடுதல் கேச் நினைவகம் உடைய 8 கோர் பிராசசரே பெரும்பாலும் முந்துகிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள் சிலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலைத்தன்மை குறைவதை அந்நிறுவனமே 2024-இல் ஏற்றுக்கொண்டு, திருத்த மென்பொருளை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அத்தலைமுறைப் பிராசசர் தள்ளுபடியிலோ பழைய பொருளாகவோ வந்தால், மதர்போர்டின் பயாஸ் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று உறுதி செய்துகொள்வது நலம்.

விலைச்சீட்டில் வராத செலவுகள்

உயர்தரப் பிராசசர் தனியே வருவதில்லை. மேலே கூறிய 9800எக்ஸ்3டி, 285கே ஆகிய இரண்டின் பெட்டியிலும் கூலர் இராது. தனியே வாங்க வேண்டும். இரண்டுக்கும் டிடிஆர்5 வகை ரேமே தேவை. பழைய டிடிஆர்4 ரேமை மாற்றிப் பொருத்த இயலாது. எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியும் தகுந்த திறனுடையதாக இருத்தல் வேண்டும்.

மின்சாரத்தையும் கணக்கிடுவோம். இரு பிராசசர்களுக்கு இடையே 100 வாட் வேறுபாடு எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஆடினால் ஆண்டுக்கு 146 யூனிட். யூனிட் 8 ரூபாய் எனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,170 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 5,850 ரூபாய். படிநிலைக் கட்டணம் உள்ள மாநிலங்களில் இந்தக் கூடுதல் யூனிட்டுகள் மேற்படியில் சேரும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். செலவாகும் மின்சாரம் முழுதும் இறுதியில் அறையின் வெப்பமாகவே வெளிப்படும். மே மாதத்து நண்பகலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் இது சிறிய செய்தியன்று.

எதிர்காலச் செலவு மதர்போர்டில் மறைந்திருக்கிறது. பிராசசர் அமரும் சாக்கெட் மாறினால் மதர்போர்டும் மாறவேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது. 2027 வரையிலும் அதற்குப் பின்னும் அதனை ஆதரிப்பதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. இதனால் இன்று நடுத்தரப் பிராசசரை வாங்கி, சில ஆண்டுகள் கழித்து அதே பலகையில் உயர்ந்த ஒன்றைப் பொருத்தும் வழி திறந்திருக்கிறது. முழுத் தொகையையும் முதல் நாளே முடக்க வேண்டியதில்லை.

பணத்திற்கு எது வழி?

1,50,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் கடனாகப் பெற்று 12 மாதங்களில் திருப்பிச் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 13,327 ரூபாய். மொத்த வட்டி 9,928 ரூபாய். 24 மாதங்கள் எனில் தவணை 7,061 ரூபாயாகக் குறையும். வட்டியோ 19,465 ரூபாயாக உயரும். மாறாக, மாதம் 12,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் 6.5 விழுக்காடு வட்டியில் சேமித்தால், ஓராண்டின் முடிவில் ஏறத்தாழ 1,49,000 ரூபாய் கையில் இருக்கும். ஓராண்டுப் பொறுமையின் மதிப்பு வட்டியில் மட்டுமே 15,000 ரூபாய். அதற்குள் அதே பிராசசரின் விலை இறங்கவும் வாய்ப்புண்டு.

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லைக் கண்டதும் மயங்க வேண்டா. வட்டி இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. இத்திட்டங்களில் வட்டிக்கு ஈடான தொகை பெரும்பாலும் தள்ளுபடியாகச் சரிக்கட்டப்படுகிறது. கடன் அட்டைத் தவணையின் வட்டிப் பகுதிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. செயல்முறைக் கட்டணமும் சேரலாம். ரொக்கமாகச் செலுத்தினால் கிடைக்கும் விலை என்ன என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்ட பின் முடிவெடுங்கள். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வருவது எல்லாவற்றினும் கேடானது. மாதம் 3.5 விழுக்காடு எனில், அது ஆண்டுக்கு 42 விழுக்காடு.

கணினியைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் ஜிஎஸ்டி பதிவு பெற்ற வாடிக்கையாளர்கள், உரிய பட்டியல் இருப்பின் உள்ளீட்டு வரி வரவு கோர இயலுமா என்று தம் தணிக்கையாளரிடம் கேட்டறியலாம். விளையாட்டுக்கு மட்டுமான கணினிக்கு இது பொருந்தாது.

கடையிலும் இணையத்திலும்

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு என எங்கு வாங்கினாலும் சில விதிகள் பொது. முத்திரை பிரிக்கப்படாத பெட்டியில் வரும் பிராசசருக்கு இரு நிறுவனங்களும் வழக்கமாக மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. பெட்டியின்றி 'டிரே' என்ற பெயரில் மலிவாக வருவதற்கு விற்பவரின் உத்தரவாதமே துணை. பெட்டியிலுள்ள வரிசை எண் பட்டியலில் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பட்டியல் இன்றி வாங்காதீர்கள். அது இல்லாமல் சேமிக்கும் தொகை, பழுது நேரும் நாளில் பன்மடங்காகக் கைவிட்டுப் போகும்.

சந்தை விலையில் பாதிக்கு உயர்தரப் பிராசசர் தருவதாகச் சமூக ஊடகங்களில் வரும் அழைப்புகளை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யூபிஐ ரகசிய எண்ணைக் கேட்டால், அது மோசடியே. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவைப்படுவதேயில்லை. ஏமாற்றப்பட்டால் காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழையுங்கள். தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். பழுதான பொருளை மாற்றித் தர விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பட்டியலை மறுபடி எழுதுவோம்

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பின், ஒன்றரை இலட்ச ரூபாய்ப் பட்டியலை இளையோரும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து மீண்டும் எழுதலாம். முதல் வரியில் மானிட்டர். அடுத்து, அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு. அதன் பின்னரே பிராசசர். பொதுவாக விளையாட்டுக் கணினியின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை பிராசசருக்குப் போதும் என்பது எமது கருத்து. வேகமான முழு எச்டி திரையில் போட்டி விளையாட்டு ஆடுபவர் மட்டும் அதனைச் சற்றே உயர்த்தலாம். 4கே திரையில் ஆடுபவர் நடுத்தரப் பிராசசரோடு நின்று, மீதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றலாம்.

அவ்வாறு எழுதும்போது பட்டியலின் அடிவரித் தொகை சற்றுக் குறைந்தால், அந்த மீதம் வீட்டுச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். அடுத்த முறை பிராசசரை மாற்ற விரும்பும் நாளில், கடன் கேட்க வேண்டிய தேவை அதனால் நீங்கும்.