சமைத்தவளும் உட்கார்ந்து சாப்பிட்ட ஏழு நாள்



பத்து நாளில் எட்டு தேசம் பார்த்துவிட்டு வந்த வாசகிகளின் கடிதங்களை ரசித்துப் படிப்பவள் நான். ஆனால் நான் எழுதப் போவது ஒரே கிராமத்தில், ஒரே வீட்டில், ஏழு நாள் அக்கடா என்று கிடந்துவிட்டு வந்த கதை. ஊர் பிரான்ஸில் இருக்கிறது.

1980-ல் திருச்சியில் கல்லூரி விடுதியில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறை. ஒருத்தி காரைக்கால்காரி. 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பம் அவளுடையது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா'. கல்யாணமாகி பாரிஸுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இன்னொருத்தி தஞ்சாவூர்க்காரி, சுத்த சைவம். குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுப்போன கணவரை வைத்துக்கொண்டு இருபது வருஷம் அவள் பட்ட பாடு எங்கள் இருவருக்கும் தெரியும். இப்போது அவர் இல்லை. (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதடி" என்றாள்.)

"ரெண்டு பேரும் கிளம்பி வாங்கடி. புருஷன், பிள்ளை, பேரன் யாரும் கூட வேண்டாம்" என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் காரைக்கால்காரி. 2024 ஜூனில்தான் வாய்த்தது. என் வீட்டில் விசாவைப் பற்றியோ செலவைப் பற்றியோ ஒருவரும் கவலைப்படவில்லை. "அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?" என்ற ஒரே கேள்விதான்!

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது திஜோன் போய்ச் சேர. அங்கிருந்து சின்ன ரயிலில் போன் என்கிற ஊர். (டெலிபோன் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்!) பர்கண்டி என்று சொல்லும் திராட்சைச் சீமை அது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தாள் தோழி. கிராமத்து வீடுகளை இப்படி வாரக் கணக்கில் விடுவதற்கு 'ஜீத்' என்று பெயர். பாத்திரம், அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஜன்னலைத் திறந்தால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி பந்தல் கிடையாது, இடுப்பு உயரத்துக்கு வெட்டி வேலி போலவே நிறுத்தியிருக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம்.

முதல் நாள் சாயங்காலமே ஒரு சங்கடம் வந்தது. காரைக்கால்காரி பழக்க தோஷத்தில் மேஜை மேல் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். கார்க்கை இழுத்த சத்தம் கேட்டதும் தஞ்சாவூர்க்காரி எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். இவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எடுத்து உள்ள வெச்சிடறேன், வாடி" என்று பின்னாலேயே ஓடினாள். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். "இருக்கட்டும், எடுக்காதே. நீ எப்பவும் எப்படிக் குடிப்பியோ அப்படியே குடி. நான் பார்க்கணும்" என்றாள் தஞ்சாவூர்க்காரி.

மறுநாள் காலையில் காபி போட எழுந்தவள் என்னை உலுக்கினாள். "ஏய், இங்க வந்து பாரேன். பாதி பாட்டில் மிச்சம் இருக்கு!" கார்க்கைத் திருப்பிச் செருகி அலமாரியில் வைத்திருந்தது. அவள் வீட்டில் திறந்த பாட்டில் விடிகிற வரைக்கும் இருந்ததே கிடையாதாம். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, ஒயின் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் அது பாதுகாப்பான அளவு ஆகாது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பிரான்ஸும் பட்டுத்தான் திருந்தியிருக்கிறது. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பதினாலு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஒயின் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததே 1956-ல்தானாம்! மது விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு 1991-ல். தாத்தா காலத்தில் குடித்ததில் பாதிகூட இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொடுவதில்லை என்றாள் தோழி. நீ குடித்தாயா என்று கேட்பீர்கள். ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். திராட்சைத் தோலையும் கொட்டையையும் சேர்த்து மென்ற துவர்ப்பு. எனக்குத் தண்ணீரே போதும் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை.

என்னை அசத்தியது சாப்பாடுதான். ருசியைவிட, அதைச் சாப்பிட்ட விதம். முதலில் ஏதாவது காய் அல்லது சாலட். பிறகு முக்கியமான பதார்த்தம். அப்புறம் சீஸ், அதன் பின் இனிப்பு, கடைசியில் காபி. ஒன்று முடிந்துதான் அடுத்தது வரும். ரொட்டியைத் தட்டில்கூட வைப்பதில்லை, மேஜை விரிப்பின் மேலேயே பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் இந்த விருந்து முறையை 2010-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இரண்டாம் நாள் கோழியை ஒயினில் போட்டுச் சமைத்தாள். முதல் நாள் இரவே கேரட், வெங்காயம், பிரிஞ்சி இலையோடு ஊறப்போட்டு, மறுநாள் சின்னத் தீயில் இரண்டரை மணி நேரம். (சாராயம் முழுக்க ஆவியாகிவிடும் என்பார்கள். அப்படி இல்லை, கொஞ்சம் தங்கத்தான் செய்யும்.) தஞ்சாவூர்க்காரிக்கு உருளைக்கிழங்கை ஓவனில் வைத்தாள். இரண்டையும் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள் பாருங்கள், அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது தானாகவே வேகிற சமையல்! நம் தோசையும் பூரியும் சப்பாத்தியும் அப்படியா? ஒருத்தி அடுப்படியில் நின்றால்தான் மற்றவர்களுக்குச் சூடாக விழும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில், எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து நான் சூடாகத் தோசை சாப்பிட்டது ஹோட்டலில் மட்டும்தான். அந்த வீட்டில் ஏழு நாளும் மூன்று தட்டும் ஒரே நேரத்தில் நிரம்பின, ஒரே நேரத்தில் காலியாயின.

பிரெஞ்சுப் பெண்கள் எல்லாவற்றிலும் கொடுத்துவைத்தவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான பெண், கணவன் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965-ல்தான் அங்கே சட்டம் வந்தது. அவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1944-ல். நம் சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்காவது 1921-லேயே கிடைத்துவிட்டது.

சீஸ் விஷயத்தில் சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பால்தானே என்று நினைக்கக் கூடாது. அங்கே பழைய முறையில் செய்கிற பல சீஸ்களில், பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். தஞ்சாவூர்க்காரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. கையோடு கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயும் அந்த ஊர்த் தயிரும் அவளைக் காப்பாற்றின.

ஒரே ஒரு நாள்தான் ஊர் பார்க்கப் போனோம். போன் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் செர்ரிப் பழம் வாங்கிக்கொண்டு, பழைய தர்ம ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். 1443-ல் நிக்கோலா ரோலன் என்ற மந்திரியும் அவர் மனைவி கிகோனும் கட்டியது. நீண்ட கூடத்தில் இரண்டு பக்கமும் ஏழைகளுக்கான கட்டில்கள், சிவப்புத் திரைகள். 1971 வரை நோயாளிகள் இருந்திருக்கிறார்கள். இப்போது அருங்காட்சியகம். தானமாக வந்த திராட்சைத் தோட்டங்களின் ஒயினை 1859-லிருந்து நவம்பர் மாதம் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவு நடக்கிறது. "நம்ம ஊர்ல குடிச்சவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். இங்க ஒயினே ஆஸ்பத்திரி நடத்துதா?" என்றாள் தஞ்சாவூர்க்காரி. தரையோடுகளில் 'நீ ஒருத்தியே' என்கிற பொருளில் மனைவிக்காக ரோலன் ஒரு சொல்லைப் பொறித்து வைத்திருக்கிறார். கிகோன் அவருக்கு மூன்றாவது மனைவி என்று தெரிந்ததும் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கணவர் போன பிறகு அந்த அம்மாள் இந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்து நோயாளிகளைக் கவனித்து, 1470-ல் இறந்து, இங்கேயே அடக்கமானவர். அதைக் கேட்டதும் தஞ்சாவூர்க்காரி அந்தக் கட்டில்களை இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு: இந்த வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமத்தில் கடை இருக்காது. பல இடங்களில் திங்களும் லீவுதான். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்கு மேல் போய் நின்றால் ஹோட்டலில் கையை விரித்துவிடுவார்கள்.

அந்த உருளைக்கிழங்குப் பக்குவத்தைக் கேட்டு எழுதுவீர்கள் என்பதால் இதோ. ஒரு கிலோ உருளைக்கிழங்கைக் கழுவித் தோல் சீவி, அப்பளம் போல மெல்லிசாக நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவக் கூடாது, அந்த மாவுதான் பாலைக் கெட்டியாக்கும். ஓவன் பாத்திரத்தில் பூண்டைத் தேய்த்து, வெண்ணெய் தடவி, துண்டுகளை அடுக்குங்கள். அரை லிட்டர் பால், 200 மில்லி கிரீம், உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் கலந்து ஊற்றி, 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். மேலே பொன்னிறமாகச் சிவந்ததும் எடுத்து, பத்து நிமிஷம் தொடாமல் வையுங்கள். உடனே வெட்டினால் குழைந்து ஓடிவிடும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி