உப்பும் சாயமும் கலந்த நீர்

திருப்பூர்ப் பகுதியில் பணியாற்றும் நமக்குச் சாயக்கழிவுநீர் பாடநூலில் மட்டும் உள்ள செய்தி அன்று. சவ்வூடு பரவல் பாடம் நடத்திய அன்று ஒரு மாணவன் எழுந்தான். "சார், எங்கப்பா சாயப்பட்டறைக்குத்தான் வேலைக்குப் போறாரு. எங்கப்புச்சி தோட்டம் ஒரத்துப்பாளையத்துக்கிட்ட. சாயத்தண்ணிய சுத்தம் பண்ணவே முடியாதா சார்?"

நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கியதை இங்குள்ளோர் அறிவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி சாய ஆலைகள் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களையும் அறிவர். அவன் கேள்வியில் இரண்டு பக்கமும் இருந்தன. ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

முதலில், உப்பு ஏன்? நீரில் பருத்தி இழை எதிர்மின் தன்மை பெறுகிறது. சாய மூலக்கூறும் அப்படியே. இரண்டும் விலகும். உப்பு அந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையருகே கொண்டுசெல்கிறது. அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் தேவைப்படும். கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான்! துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு அப்படியே வெளியேறும், ஒட்டாத சாயத்தோடு.

வீட்டுக் கழிவுநீரில் கரிமப் பொருள்களைப் பாக்டீரியா தின்றுவிடும். உப்பு மிகுந்தால் அதன் செல்லிலிருந்து நீர் வெளியேறிச் சுருங்கிவிடும். இதைக் காட்ட இரண்டு பாட்டில்களில் வெதுவெதுப்பான சர்க்கரை நீரும் ஈஸ்ட்டும் எடுத்தோம். ஒன்றில் மட்டும் மூன்று கரண்டி உப்பு. வாயில் பலூன். அரை மணியில் ஒரு பலூன் நிமிர்ந்தது, மற்றது தொங்கியது. உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் பாக்டீரியா ஓரளவு பழகும் என்பதையும், உப்பளப் பாத்திகளை இளஞ்சிவப்பாக்கும் உப்பு விரும்பி நுண்ணுயிர்களையும் சொன்னேன்.

அடுத்து, சாய நீரில் சலவைத்தூள் கரைசலை ஊற்றினேன். நிறம் போயிற்று. "சுத்தமாயிருச்சு சார்!" என்று வகுப்பே கத்தியது. இங்கேதான் நான் நிறுத்தினேன். நிறம் தரும் பிணைப்பு உடைந்ததே தவிர, மூலக்கூறின் துண்டுகள் நீரில்தான் உள்ளன. குளோரின் சேர்ந்த நச்சுச் சேர்மங்களும் உருவாகலாம். பல ஆண்டுகள் நானும் இதையே சுத்திகரிப்பு என்று நடத்தியிருக்கிறேன்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரியல் முறைக்குப்பின் எதிர்ச் சவ்வூடு பரவலால் நல்ல நீரைப் பிரித்து ஆலைக்கே திருப்புகிறார்கள். மிஞ்சுவது செறிந்த உப்புநீர். அதிலும் சாய எச்சம் உண்டு. அப்படியே கொதிக்கவைத்தால் எரிபொருள் செலவாகி, பழுப்பேறிய கலப்பு உப்பே கிடைக்கும். குவித்து வைக்கத்தான் இடம் வேண்டும். மாறாக ஓசோன் கொண்டு கரிமப் பொருளைச் சிதைத்தாலோ, சாயத்தைத் தடுத்துச் சாதாரண உப்பை விடும் நுண்வடிப்புச் சவ்வில் செலுத்தினாலோ, தெளிந்த உப்புநீர் மீண்டும் சாயத்தொட்டிக்கே போகும். கரிமப் பொருளை நீக்குவது எதற்கு என்றால், உப்பைக் குப்பையாக்காமல் இருக்கத்தான்.

"அப்போ முடியும், ஆனா செலவாகும். அப்படித்தானே சார்?" என்றான் அந்த மாணவன். அப்படித்தான் என்றேன். ஈஸ்ட் பாட்டில்கள் இரண்டையும் அப்புச்சியிடம் காட்ட வாங்கிப் போனான்.

செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு: சலவைத்தூள் சோதனையைச் சன்னல் திறந்த அறையில் நீங்களே செய்யுங்கள், அமிலம் அருகில் இருக்கக் கூடாது.