நடைவண்டி கொள்முதலில் கவனம் தேவை

திருவிழாக் காலத்தில் நம் மளிகைக் கடைகளிலும் நடைவண்டி விற்பது உண்டு. பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி ஏற்றது. குழந்தை தன் காலில் நின்று, தள்ளிப் பழகும்.

உட்கார வைக்கும் வட்ட வாக்கர் வேறு. அதில் குழந்தை வேகமாக உருண்டு போய்ப் படியில் விழும் அபாயம் உண்டு. கனடா நாட்டில் 2004-ல் அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தார்கள். கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லிவிடுவது நம் கடமை.

கொள்முதலின்போது ஒவ்வொரு வண்டியையும் தரையில் உருட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் மிக லேசாக ஓடினால் வண்டி முந்திக்கொள்ளும்; குழந்தை குப்புற விழும். முன் சக்கரம் ஆடக் கூடாது. பின் சக்கரங்கள் அகன்று இருந்தால் வண்டி சாயாது. கைப்பிடி குழந்தையின் மார்பு உயரத்தில் இருப்பது நல்லது. சிராய், ஆணி முனை உள்ளதா என்று கையால் தடவிப் பாருங்கள். குழந்தை கைப்பிடியைக் கடிக்கும். ஆகவே ஈயம் கலவாத வர்ணம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சரக்கு தருபவர் பதிவு பெற்றவரா என்றும் விசாரியுங்கள்.

ஒருமுறை நாம் பார்க்காமல் எடுத்த இரண்டு டஜன் வண்டிகளில் அச்சாணி கழன்றுவிட்டது. விற்றவற்றைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்தோம். நஷ்டம்தான். ஆனாலும் அந்தக் கடைக்காரர்கள் இன்றும் நம்மிடமே சரக்கு எடுக்கிறார்கள்.

எனவே, உருட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் கடையில் இறக்காதீர்கள்.