பாதியில் நின்ற டவுன்லோடு: ஒரு நல்ல உதாரணம் ஏன் முக்கியம்?

சோமனூரில் விசைத்தறித் துணிக்கு டிசைன் போடும் ஒருவர், வெளியூர் பார்ட்டி அனுப்பிய 4 ஜிபி ஃபைலை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதியில் நெட் போச்சு. தறியில் பாவு நூல் அறுந்தால் யாரும் துணியை முதலிலிருந்து நெய்வதில்லை. முடிச்சுப் போட்டு ஓட்டுவார்கள். சர்வர் அனுமதித்தால் டவுன்லோடையும் அப்படித் தொடரலாம். டபிள்யூகெட், கர்ல் என்ற இலவசக் கருவிகள் இதைச் செய்யும். பட்டன் எதுவும் கிடையாது, கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

எந்தக் கட்டளை என்பதில்தான் குழப்பமே. விட்ட இடத்திலிருந்து தொடர டபிள்யூகெட்டில் சின்ன 'சி'. கர்லில் பெரிய 'சி', அதன் பின்னால் தனியாக ஒரு சிறுகோடு. அங்கே சின்ன 'சி' போட்டால் அது குக்கீ சேமிக்கும் வேலை! ஃபைலுக்குப் பெயர் வைக்க கர்லில் சின்ன 'ஓ', டபிள்யூகெட்டில் பெரிய 'ஓ'. மாற்றி டபிள்யூகெட்டில் சின்ன 'ஓ' போட்டால், நீங்கள் கொடுத்த பெயரில் கிடைப்பது வெறும் லாக் குறிப்பு.

கர்லில் மட்டும் 250-க்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள். அவசரத்தில் யார் கையேட்டை முழுசா படிக்கிறார்கள்? உதாரணத்தைத் தேடி காப்பி செய்வதுதான் வழக்கம். அந்த உதாரணம் பழசாக இருந்தால்?

1996-ல் வெளிவந்த டபிள்யூகெட்டின் கையேட்டில், டவுன்லோடைத் தொடர்வதற்கான உதாரணம் ஒரு எஃப்டிபி முகவரி. குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-லேயே எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. மாதிரி காட்டவென்றே எக்ஸாம்பிள் டாட் காம் என்ற முகவரி 1999 முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைப் போட்டிருக்கலாம்.

இன்னொன்று, மேற்கோள் குறி. இன்றைய டவுன்லோடு லிங்க் பலவற்றில் '&' இருக்கும். மேற்கோளுக்குள் போடாவிட்டால் லினக்ஸ் டெர்மினல் அந்த இடத்திலேயே முகவரியை வெட்டிவிடும். உதாரணத்தில் மேற்கோள் இருந்தால், காரணம் தெரியாதவரும் தப்பிப்பார்.

கர்ல் கையேட்டில் இப்போது ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் உதாரணம் உண்டு. 2013-ல் தொடங்கிய டிஎல்டிஆர் பேஜஸ் திட்டம் இன்னும் சுருக்கம்: ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 8 உதாரணம், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம். தமிழ்ப் பக்கங்களும் அதில் உண்டு. விடுபட்டதை மொழிபெயர்க்க கிட்ஹப் கணக்கு இருந்தால் போதும். கட்டளையை அப்படியே விட்டு, விளக்க வரியைத் தமிழில் எழுத வேண்டும். அனுப்புவதற்கு முன் அந்தக் கட்டளையைச் சொந்தக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.