மடியில் ஒளித்த சரித்திரம்

1890களின் தொடக்கம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நட்டல்பர்க் என்ற நிலக்கரி ஊர். வேலை முடிந்து கரிப்புழுதி அப்பிய முகத்தோடு வரும் கறுப்பினத் தொழிலாளர்கள் ஆலிவர் ஜோன்ஸ் வீட்டில் கூடுவார்கள். ஜோன்ஸும் சுரங்கத் தொழிலாளிதான். உள்நாட்டுப் போரில் போரிட்டவர். வீட்டையே தேநீர்க் கடைபோல ஆக்கி, பழமும் ஐஸ்கிரீமும் விற்றார். கறுப்பினத்தவர் எழுதிய புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் தேடி வாங்கி வைத்திருந்தார். ஆனால், அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த இளம் தொழிலாளி ஒருவர் அகப்பட்டதும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்: அந்த இளைஞர் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும், சாப்பிடுவதற்குக் காசு தர வேண்டாம்.

அந்த இளைஞர்தான் கார்ட்டர் ஜி. உட்சன். 1875இல் பிறந்தவர். தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். 20 வயதில்தான் அவரால் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. 1912இல் ஹார்வர்டில் வரலாற்றுக்கான முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டத்தை அவருக்கு முன் பெற்ற ஒரே கறுப்பினத்தவர் அறிஞர் டு பாய்ஸ். இத்தனை படித்தபிறகும், தன் மக்களின் கடந்த காலத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை ஜோன்ஸின் வீட்டில்தான் ஆழமாக வேர்விட்டது என்று உட்சன் எழுதினார்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பாடநூல்களில் ஆப்பிரிக்கா வரலாறே இல்லாத கண்டம். கறுப்பின மக்களின் கதை அடிமைக் கப்பலில்தான் தொடங்கும். அடிமை முறையும் ஏதோ கருணையான ஏற்பாடுபோலச் சொல்லப்படும். மாலிப் பேரரசர் மன்சா மூசா 1324இல் பெரும் பரிவாரத்தோடு மெக்காவுக்குச் சென்றதும், டிம்பக்டுவில் அறிஞர்கள் நூல்களைச் சேர்த்ததும் அந்தப் பாடங்களில் இடம்பெறவில்லை. தன் முன்னோர் எதையுமே சாதிக்கவில்லை என்று பள்ளியிலேயே படித்து வளரும் குழந்தை தன்னைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கும். 1933இல் வெளியான தன் நூலில் உட்சன் இதைத்தான் கோபத்தோடு வாதிட்டார்.

1915இல் சிகாகோவில் நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டே ஆய்விதழ் வெளிவந்தது. முதல் இதழை அச்சிடப் பணமில்லாமல் தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் 400 டாலர் கடன் வாங்கினார். பின்னர் சொந்தமாகவே பதிப்பகம் ஆரம்பித்தார். வாஷிங்டனில் அவர் வாங்கிய வீட்டின் கீழ்த்தளம் அலுவலகம், மேல்மாடி குடியிருப்பு. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இளமையில் அங்கே எடுபிடி வேலை பார்த்தவர். 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கண்ட சுதந்திரக் கறுப்பினக் குடும்பத் தலைவர்கள் ஏறத்தாழ 30,000 பேரின் பெயர்களை அகர வரிசைப்படுத்துவதும் அவர் தலையில் விழுந்தது. அப்படிப் பெயர் பெயராகச் சேர்த்துத்தான் அந்த வரலாறு எழுதப்பட்டது.

புத்தகம் வந்துவிட்டது. வகுப்பறைக்குள் அதை எப்படிக் கொண்டுபோவது? 1930களில் லூசியானா மாநிலத்தின் வெப்ஸ்டர் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே வரலாறு கற்பித்தவர் டெஸ்ஸி மெக்கீ என்ற இளம் ஆசிரியை. மேசைமேல் அரசு அனுமதித்த பாடத்திட்டம் விரிந்திருக்கும். மடியில் உட்சனின் புத்தகம். மடியைப் பார்த்துப் பாடம் சொல்வார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பார்வை மேசைக்கு ஏறிவிடும். அவர் நகர்ந்ததும் பாடம் மறுபடி மடிக்கு இறங்கும். வேலை போய்விடும் என்று தெரிந்தே மெக்கீ இதைச் செய்தார். வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் வளர்ந்தபிறகும் அதை மறக்காமல் சொன்னதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. உட்சன் பெயரைச் சொல்லும் போதெல்லாம் இப்படிப்பட்ட ஆசிரியைகளையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1926 பிப்ரவரியில் உட்சன் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ தொடங்கினார். ஆபிரகாம் லிங்கன், பிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் அந்த மாதத்தில் வருகின்றன. மக்கள் ஏற்கெனவே அவற்றைக் கொண்டாடிவந்தார்கள். தேவாலயங்களிலும் பெண்கள் சங்கங்களிலும் ஊர்வலம், நாடகம், சொற்பொழிவு எனக் களைகட்டியது. 1976இல் அது ஒரு மாதமாக விரிந்தது. ஆனால், ஆண்டு முழுதும் படித்ததை ஊருக்குக் காட்டும் வாரமாகத்தான் உட்சன் அதை நினைத்தார். பிப்ரவரியில் நாலு படங்களைச் சுவரில் ஒட்டி மார்ச்சில் கழற்றிவிடும் பள்ளிகள் அந்த நோக்கத்தைக் கைவிட்டுவிட்டன.

நாட்கள் கடந்தால் சாட்சிகள் மறைந்துவிடுவார்கள் என்ற பதற்றமும் உட்சனுக்கு இருந்தது. 1927இல் அவருடைய சங்கத்தின் நிதியுதவியோடு எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் அலபாமாவின் மொபீல் நகருக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் இருந்தார். அமெரிக்காவில் பெயர் கட்ஜோ லூயிஸ். பிறந்த மண்ணில் கொசோலா. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808இலேயே தடைசெய்துவிட்டது. அப்படியிருந்தும் 1860இல் திமோதி மேஹர் என்ற செல்வந்தர் பந்தயம் கட்டி, ‘க்ளோடில்டா’ என்ற கப்பலை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். டஹோமி அரசின் படை கொசோலாவின் ஊரைத் தாக்கி, உயிர்தப்பியவர்களைச் சிறைபிடித்து விற்றது. ஏறத்தாழ 110 பேர் இரவோடு இரவாக மொபீலில் இறக்கப்பட்டார்கள். தடயம் இருக்கக் கூடாதென்று கப்பலைக் கொளுத்திவிட்டார்கள்.

1865இல் விடுதலை கிடைத்தது. ஊர் திரும்பத்தான் பணமில்லை. தாங்கள் உழைத்ததற்கு ஈடாக மேஹரிடம் நிலம் கேட்டார்கள். அவர் மறுத்தார். கூலி வேலை செய்து காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள். தேவாலயம் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். அதுதான் ஆப்பிரிக்காடவுன். கொசோலா 1935இல் இறந்தார். அவர் பேசியபடியே ஹர்ஸ்டன் எழுதிய நூலை அன்றைய பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. அது 2018இல்தான் அச்சானது. எரிந்த கப்பலின் கதையை ஊரார் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். வெளியார் பலர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். 2019 மே மாதம், ஆற்றுச் சேற்றில் கிடைத்த சிதைவு க்ளோடில்டாதான் என்று அலபாமா வரலாற்று ஆணையம் அறிவித்தது. 2023இல் அந்த ஊரிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

க்ளோடில்டா ஒரே ஒரு கப்பல். மூன்றரை நூற்றாண்டு நடந்த வணிகத்தில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள். கரை சேர்ந்தவர்கள் 1 கோடியே 7 லட்சம். மீதிப்பேரைக் கடல் கொண்டது. பிரேசிலுக்கு மட்டும் சுமார் 48 லட்சம் பேர். வட அமெரிக்காவுக்கு நேராக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. 36,000 பயணங்களின் பதிவுகளைத் துறைமுகக் கணக்கிலிருந்தும் கப்பல் குறிப்பிலிருந்தும் திரட்டிய ஆய்வாளர்களின் மதிப்பீடு இது. 2008 முதல் அந்தத் தரவு இணையத்தில் இலவசம். எந்த ஊர் மாணவரும் ஒரு கப்பலின் பெயரைத் தேடி, அது எங்கே புறப்பட்டது, எத்தனை பேரை ஏற்றியது, எத்தனை பேரை இறக்கியது என்று பார்க்கலாம்.

1964 கோடையில் மிசிசிப்பியில் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் 40க்கும் மேற்பட்ட ‘சுதந்திரப் பள்ளிகளை’ நடத்தினார்கள். தேவாலயத்திலும் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் வகுப்பு. 1839இல் அமிஸ்டாட் கப்பலில் ஆப்பிரிக்கர்கள் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றிய வரலாறு அங்கே முக்கியப் பாடம். கப்பலில் இருந்தவர்கள் வெறும் சரக்காக இருக்கவில்லை, எதிர்த்துப் போராடினார்கள் என்பதைப் பல பிள்ளைகள் முதன்முதலாக அங்கேதான் கேட்டார்கள்.

பள்ளிக்கு வெளியே இந்த வரலாற்றைச் சொல்லித்தரும் தேவை இன்னும் தீரவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று ஃபுளோரிடாவில் 1994 முதல் சட்டமே இருக்கிறது. அதே மாநிலத்தின் கல்வித்துறை 2023 ஜனவரியில், உயர்நிலைப் பள்ளிகளுக்கான ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுப் பாடத்தை நிராகரித்தது. அடிமைகளாக இருந்தவர்கள் கற்ற தொழில்திறன் சில வேளை அவர்களுக்கே பயன்பட்டது என்று சொல்லித்தர வேண்டும் என்ற வரி, அதே ஆண்டு பாட வரையறையில் ஏறியது. ஊரையும் உறவையும் பெயரையும் பறிகொடுத்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட வரி அது. ஆப்பிரிக்கச் சமூகங்களில் இரும்பு உருக்கியவர்களும், துணி நெய்தவர்களும், நெல் விளைவித்தவர்களும் இருந்தார்கள் என்பது தெரிந்தால், திறன் எங்கிருந்து கப்பலேறியது என்ற கேள்வி தானாகவே எழும்.

‘ஃபெய்த் இன் ஃபுளோரிடா’ என்ற சமய அமைப்பு வரலாற்றுப் பாடத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தது. நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் அதைக் கற்பிக்க முன்வந்தன. டெல்ரே பீச்சில் ஸ்பேடி என்ற கறுப்பினத் தலைமையாசிரியர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அங்கே பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வரலாற்று வகுப்பு நடத்துகிறார்கள். உட்சன் தொடங்கிய சங்கமும் ஃபுளோரிடாவில் இப்படிப்பட்ட வகுப்புகளுக்குத் துணைநிற்கிறது. மதிப்பெண்ணும் கிடையாது, தேர்வும் கிடையாது. பள்ளி விடுமுறை நாளில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துவந்து உட்கார வைக்கிறார்கள்.