செக்குன்னா எந்த செக்கு?

"செக் ஆச்சா?"ன்னு குழுச் செயலாளர் கேட்டா, கணக்கு சரிபார்த்தாச்சான்னு கேட்கிறாங்களா, காசோலை வந்தாச்சான்னு கேட்கிறாங்களா? ரெண்டுக்கும் ஒரே உச்சரிப்புதான். லாரியை மறிக்கிற இடம் செக்போஸ்ட். கட்டம் போட்ட துணியும் செக்தான். சதுரங்கத்தில் ராஜாவை மடக்கினாலும் செக். எல்லாத்துக்கும் மூலம் இந்தச் சதுரங்கச் சொல்தான். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். அதிலிருந்து தடுப்பது, சரிபார்ப்பது என்று பொருள் விரிந்தது.

நமக்கு முக்கியம் காசோலை. அதில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். 2012 ஏப்ரலுக்கு முன்பு 6 மாதமாக இருந்தது, பழைய நினைப்பில் பெட்டிக்குள்ளே வைத்துவிடாதீங்க. இடது மேல் மூலையில் ரெண்டு கோடு இருந்தால் பணம் கையில் கிடைக்காது, கணக்கில்தான் சேரும்.

"அவசரத்துக்கு ஆகும்"னு தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டு வைக்கிற வழக்கம் சில குழுக்களில் இருக்கு. இது வேண்டவே வேண்டாம். யார் கையில் சிக்கினாலும் அவங்க எழுதுறதுதான் தொகை. போவது நம்ம எல்லோருடைய சேமிப்பு. தொகையை எழுத்தில் எழுதி, 'மட்டும்' சேர்த்து, மிச்ச இடத்தில் கோடு இழுத்த பிறகே கையெழுத்துப் போடுங்க.