கூந்தன்குளத்து மனம் மான்குர்த்திலும் வேண்டும்

அடிபட்டு விழும் பறவைகளுக்கு நம்மவர்கள் செய்யக்கூடிய உதவி

பொங்கல் அன்று மான்குர்த் பகுதியில் இரண்டு விழாக்கள். நம்மவர்கள் வீட்டு வாசலில் பால் பொங்குகிறது. மராத்தியரும் குஜராத்தியரும் மகர சங்கராந்தி கொண்டாட, கூரைகளுக்கு மேலே பட்டங்கள் பறக்கின்றன.

அதே வானத்தில்தான் பருந்துகளும் வட்டமிடுகின்றன. பக்கத்திலேயே தேவ்னார் குப்பைமேடு இருப்பதால் இங்கே பருந்துகளுக்குக் குறைவில்லை. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் இறக்கையில் சுற்றிக்கொண்டால் சதையை அறுத்து எலும்பு வரை போய்விடும். நைலான் மாஞ்சாவுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ம் ஆண்டில் நாடு முழுவதும் தடை விதித்தது. ஆனாலும் அந்த நூல் ஒழிந்தபாடில்லை. விழா முடிந்த பிறகும், மரத்திலும் மின்கம்பியிலும் தொங்கும் நூல் பறவைகளுக்குக் கண்ணியாகவே இருக்கிறது.

மான்குர்த்தை அடுத்துள்ள தானே கடற்கழி, பூநாரைகள் கூடும் இடம். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து, மழைக்கு முன் திரும்பும் பறவைகள் அவை. அவற்றுக்காகவே கடற்கழியின் மேற்குக் கரை 2015-ம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ம் ஆண்டு மே 20-ந் தேதி இரவு, காட்கோபர் பகுதியில் ஒரு பூநாரைக் கூட்டம் விமானத்தில் மோதியது. சுமார் 40 பறவைகள் குடியிருப்புகளுக்கு இடையே செத்து விழுந்தன.

ஆஸ்பத்திரி எங்கோ இருக்கிறது. பறவை விழுவதோ நம் வீட்டுக் கூரையில். உயிரோடு விழும் பறவையை முதலில் எடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

நெல்லை காட்டிய வழி

இந்தக் கேள்விக்கு நெல்லைச் சீமையில் ஒரு கிராமம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. நாங்குநேரி தாலுகாவில் மூலைக்கரைப்பட்டிக்கு அருகே உள்ள கூந்தன்குளம்தான் அது. மும்பையில் பிழைக்க வந்த நெல்லைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கே குளத்தில் மட்டும் அல்ல, தெருவில் உள்ள மரங்களிலும் வீட்டுப் புறக்கடை மரங்களிலும் செங்கால் நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்ச நாற்றத்தைப் பற்றி ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அதற்குக் கைமாறும் உண்டு. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகிறது.

காற்றடித்தால் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழும். கீழே விழுந்த குஞ்சைத் தாய்ப் பறவை இறங்கி வந்து எடுத்துப் போவதில்லை. மனிதர் எடுக்காவிட்டால் நாய்க்கும் பூனைக்கும் இரைதான். இப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கும் பருவம் வந்ததும் குளத்தில் விட்டவர் பால்பாண்டி. அவர் மனைவி வள்ளித்தாயும் இந்தப் பணியில் துணை நின்றார். பெரிய படிப்பு இல்லாத அந்தக் குடும்பம் எத்தனையோ பறவைகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

கூந்தன்குளம் 1994-ம் ஆண்டில் சரணாலயம் ஆனது. ஊரார் காவல் அதற்கும் முந்தியது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் கூந்தன்குளமும் தானே கடற்கழியும் சேர்ந்த செய்தி ஒரே ஆண்டில், 2022-ல், வெளியானது குறிப்பிடத்தக்கது.

டெல்லியில் அண்ணன் தம்பி

கிராமத்தில் முடியும், நகரத்தில் முடியுமா என்று கேட்பவர்கள் டெல்லியைப் பார்க்கலாம். அங்கே சாந்தினி சவுக்கில் ஜைனர்கள் நடத்தும் பறவை ஆஸ்பத்திரி, தருமப் பணத்தில் நடப்பது. ஆனால் புலால் உண்ணும் பருந்துக்கு அங்கே தங்கிச் சிகிச்சை பெற இடம் இல்லை.

இதைக் கண்டு மனம் நொந்த நதீம், சவூத் என்ற சகோதரர்கள் தாங்களே பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். வஜிராபாத்தில் ஒரு வீட்டின் நிலவறைதான் ஆஸ்பத்திரி. அங்கேயே சோப்புக் குடுவைகள் தயாரிக்கும் தொழிலும் நடந்தது. தொழிலில் வந்ததைப் பறவைக்குச் செலவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்த பிறகு நன்கொடை வந்தது. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-ம் ஆண்டில் கேன்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

நாம் செய்யக்கூடியது

மும்பையில் பரேலில் பழைய கால்நடை ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் தின்ஷா பெட்டிட் என்ற பார்சி செல்வந்தர் நன்கொடையால் எழுந்து, அவர் மனைவி சக்கர்பாய் பெயர் தாங்கி நிற்பது. பறவைகளுக்கும் அங்கே வைத்தியம் உண்டு.

ஆனால் மான்குர்த்திலிருந்து பரேல் போவது எளிதல்ல. ஆட்டோ சயானைத் தாண்டாது. ரெயிலில் போனால் குர்லாவில் இறங்கி மாற வேண்டும். தினக்கூலி வாங்குபவருக்கு அரை நாள் கூலி போய்விடும். மனம் இருந்தும் பலர் ஒதுங்கிப் போவது இதனால்தான்.

இங்கேதான் கூந்தன்குளத்து மனம் வேண்டும். சுமையை ஒருவர் தலையில் வைக்காமல் தெருவே பகிர்ந்துகொள்ள வேண்டும். மளிகைக் கடைக்காரர் அட்டைப்பெட்டி கொடுக்கலாம். ஒருவர் மராட்டிய வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வனத்துறையோ தொண்டர்களோ வரும்வரை இன்னொருவர் காவல் இருக்கலாம். எடுத்துப்போகச் சொன்னால், வேலை இல்லாதவர் கொண்டு செல்ல, மற்றவர்கள் வழிச்செலவைப் போடலாம்.

எடுக்கும் முறை கடினம் அல்ல. பறவை மேல் துணியைப் போட்டு மூடி, காற்றுத் துளை இட்ட பெட்டியில் வைத்து, இருட்டாகவும் அமைதியாகவும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். நாரை, கொக்கு வகைகள் கண்ணைக் குத்தும். முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துவிடும். சோறும் ரொட்டியும் கொடுக்க வேண்டாம். காயத்தில் பதிந்த மாஞ்சாவைப் பிடித்து இழுக்காமல், தொங்கும் நூலை மட்டும் வெட்டிவிட வேண்டும்.

குழந்தைகள் ஆசைப்பட்டாலும் வீட்டிலேயே வைத்து வளர்க்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, அதை அனுமதிப்பதில்லை.

பொங்கலுக்கு மறுநாள் நம் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் தெருவில் தொங்கும் நூலைப் பொறுக்கி எடுத்தாலே, ஆஸ்பத்திரிக்குப் போகும் பறவைகள் குறையும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கூடு கலைவது என்றால் என்ன என்பது இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குத் தெரியும். 1976-ம் ஆண்டு மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது, அங்கிருந்த தமிழர் குடும்பங்கள் ஏராளமாகச் சீத்தா கேம்ப்பின் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டன. அன்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் எழுந்து நின்றார்கள். அந்தக் கை, கூரையில் விழுந்து துடிக்கும் பறவைக்கும் நீளட்டும்.